உயரத்தை வண்டியில் ஏற்றுவது எப்படி?

என் மனைவியின் தம்பி பல்லடம் பக்கம் ஒரு பிக்கப் வண்டியில் இட்லிக் கடை நடத்துகிறார். காலை ஆறு மணிக்கெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வண்டி வந்து நின்றுவிடும். போன சித்திரையில், வண்டியின் பின்பக்கம் கேபினை ஒட்டி 100 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்றை வைத்து, அதன் அடியிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து, பின்கதவு ஓரமாகக் கைகழுவும் டேப் ஒன்றை மாட்டினார். மறுநாளே போன் வந்தது.

"மாமா, டேங்க் நெறையத் தண்ணி இருக்குதுங்க. டேப்பைத் தொறந்தா நூலாட்டந்தான் வருது. பாதி டேங்க் காலியாச்சுன்னா அதுவும் இல்லீங்க. இருநூறு லிட்டர் டேங்கா மாத்திரலாமுங்களா?"

வீட்டில் இருப்பதும் அதே மாதிரி டேப்தான். அங்கே திறந்தால் பாத்திரத்தில் பட்டு முகத்தில் தெறிக்கிறது. மாடியில் இருப்பது 500 லிட்டர் டேங்க், வண்டியில் இருப்பது 100 லிட்டர். தண்ணீர் அதிகமாக இருந்தால் வேகமாக வரும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது சரியில்லை என்பதற்கான சாட்சி, வீடு கட்டும் இடத்தில் தினமும் நம் கண்ணெதிரே கிடக்கிறது.

கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிபோல் உள்ள நீளமான டியூப் நிறையத் தண்ணீர். ஒரு முனை இந்தச் சுவரில், மறுமுனை அந்தச் சுவரில். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இப்போது ஒரு முனையை எடுத்து, தண்ணீர் நிறைந்த பெரிய அண்டா ஒன்றின் அடித்துளையில் செருகிவிடுவோம். அண்டாவில் ஐம்பது லிட்டர், டியூபில் அரை லிட்டர்கூட இல்லை. அளவுதான் தள்ளுகிறது என்றால், அண்டாத் தண்ணீர் டியூப் தண்ணீரை மேலே ஏற்றி வெளியே கொட்டியாக வேண்டும். அப்படிக் கொட்டுவதில்லை. அண்டாவில் எந்த மட்டமோ அதே மட்டத்தில் டியூபிலும் தண்ணீர் அமைதியாக நிற்கிறது. ஐம்பது லிட்டரும் அரை லிட்டரும் சமமாகத் தள்ளுகின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது உயரம் ஒன்றுதான். சைமன் ஸ்டெவின் என்ற நெதர்லாந்துப் பொறியாளர் 1586-இல் இதை எழுதி வைத்தபோது, படித்தவர்களுக்கே நம்பச் சிரமமாக இருந்தது. இன்றும் அதை 'நீர்நிலை முரண்' என்றே சொல்கிறார்கள்.

எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தள்ளல்? இதற்கு நம் மோட்டார் மெக்கானிக்குகள் பேசும் பேச்சே போதும். "ரெண்டு கிலோ பிரஷர் இருக்குது" என்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் இரண்டு கிலோ எடை அழுத்துகிறது என்று பொருள். ஒரு சதுர சென்டிமீட்டர் அகலத்தில் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்க் கம்பம் ஒன்றை நிறுத்தினால், அதில் இருப்பது சரியாக ஆயிரம் கன சென்டிமீட்டர். அதாவது ஒரு லிட்டர், ஒரு கிலோ. ஆகவே பத்து மீட்டர் உயரம் என்றால் ஒரு கிலோ அழுத்தம். வீட்டு மாடி டேங்க் டேப்புக்கு மேலே ஏழு மீட்டர் இருந்தால், கிடைப்பது 0.7 கிலோ. பிக்கப்பில் நிரம்பிய டேங்கின் தண்ணீர் மட்டம் டேப்புக்கு மேலே 45 சென்டிமீட்டர். அது 0.045 கிலோ. பதினைந்தில் ஒரு பங்குதான்.

வேகம் அதே கணக்கில் குறையாது. 1644-இல் இத்தாலியரான டாரிசெல்லி அழகான ஒரு விதி சொன்னார். டேங்க் துளையிலிருந்து பாயும் தண்ணீரின் வேகம், மேல்மட்டத்திலிருந்து துளை வரைக்கும் ஒரு கல்லைப் போட்டால் அது கீழே வரும்போது இருக்கும் வேகத்துக்குச் சமம். ஏழு மீட்டர் விழும் கல்லும் அரை மீட்டருக்குள் விழும் கல்லும் எப்படி வேறுபடும் என்பது காலில் வாங்கியவருக்குத் தெரியும். கணக்குப் போட்டால் நான்கு மடங்கு வித்தியாசம். நீண்ட ஹோஸின் உராய்வும் டேப்பின் குறுகிய வாயும் மிச்சத்தைத் தின்றுவிட, நமக்கு எஞ்சுவது அந்த நூல்.

எனவே இருநூறு லிட்டர் டேங்க் பயன்படாது. அகலமான டேங்காக இருந்தால் தண்ணீர் மட்டம் இன்னும் தாழ்ந்துபோகும். ஊருக்கு ஊர் காலூன்றி நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை வண்டியில் ஏற்ற முடியாது. கேபினின் கூரைமேல் டேங்கை ஏற்றினாலும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தான் கூடும். அதற்கு விலையாக 100 கிலோ எடை வண்டியின் தலையில் போய் உட்கார்ந்து, வளைவுகளில் ஆளையே கவிழ்க்கப் பார்க்கும்.

திறந்த டேப் எதுவானாலும், அதற்குப் பின்னால் யாரோ தண்ணீரைத் தள்ளுகிறார்கள். வீட்டில் தள்ளுவது உயரம். வண்டியில் உயரத்துக்குப் பதிலாக வேறு ஒருவரை நிறுத்த வேண்டும்.

காற்றை நிறுத்தலாமே என்று முதலில் தோன்றும். கார் டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது. கிலோக் கணக்கில் சொன்னால் இரண்டேகால். அவ்வளவு காற்றை டேங்குக்குள் அடித்தால், இருபது மீட்டர் உயரத் தொட்டிக்கு நிகரான தள்ளல் கிடைத்துவிடுமே! மைத்துனரும் பஞ்சர் கடைக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். அவரை நிறுத்தியது ஒரு பெருக்கல்தான். இரண்டு கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. ஒரு சதுர அடியில் 929 சதுர சென்டிமீட்டர் இருக்கிறது. டேங்கின் தட்டையான பக்கச் சுவரில் அடிக்கு அடி 1,850 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு டன் தள்ளும். டயர் தாங்குகிறது என்றால் உள்ளே இழையும் கம்பியும் பின்னி, வளைவாகச் செய்திருக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் உருண்டையாக இருப்பதும் இதனால்தான். சாதாரண பிளாஸ்டிக் டேங்க் வெடித்துவிடும். இதை யாரும் முயன்று பார்க்கக் கூடாது. வெளிநாடுகளில் வண்டிக் கூரையில் காற்றடித்துப் பயன்படுத்தும் குளியல் டேங்குகள் இருக்கின்றன. அவை அழுத்தத்துக்கென்றே செய்த தடித்த உலோகக் குழாய்கள்.

ஆகவே டேங்கை அதன்பாட்டில் விட்டுவிட்டு, அதற்கு அடுத்தபடியாக ஒரு பம்பை வைத்து, பம்புக்கு அப்பால் மட்டும் அழுத்தத்தை உண்டாக்குவதே நல்ல வழி. டேங்க் எப்போதும் காற்றோடு திறந்திருக்க வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரு துளை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வருகிறது, எதிர்மூலையில் இன்னொரு துளை போட்டதும் சீராக ஊற்றுகிறதல்லவா, அந்த இரண்டாவது துளைதான் டேங்குக்கும் வேண்டும். அதை அடைத்துவிட்டுப் பம்பை ஓட்டினால் டேங்க் உட்பக்கமாக ஒடுங்கிவிடும்.

எந்தப் பம்பு? மாமனார் தோட்டத்தில் பழுதாகிக் கிடந்த பேட்டரி ஸ்பிரேயர் ஒன்றை அவிழ்த்துப் பார்த்தேன். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் அதே பதினாறு லிட்டர் ஸ்பிரேயர். அடியில் உள்ளங்கை அளவில் 12 வோல்ட் பம்பு. நான்கு திருகைக் கழற்றினால் உள்ளே சுழலும் இறக்கை எதுவும் இல்லை. கறுப்பு ரப்பரில் குழிகளோடு ஒரு தகடு, அதற்குக் கீழே கோணலாகப் பொருத்திய ஒரு வட்டு. மோட்டார் சுற்றும்போது வட்டு தள்ளாடி, ரப்பர்க் குழிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கிவிடுகிறது. ஒவ்வொரு குழிக்கும் உள்ளே விட ஒரு ரப்பர் இதழ், வெளியே விட ஒன்று. உள்ளே வந்த தண்ணீர் வந்த வழியே திரும்ப முடியாது. இதைச் சவ்வு பம்பு என்று சொல்லலாம். நம் இதயமும் இதே வேலையைத்தான் செய்கிறது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'லப்-டப்' இதயத் தடுக்கிதழ்கள் மூடும் ஒலி. சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தில் 'உர்ர்' என்று ஓடுவதும் இந்தச் சாதிப் பம்புதான். நாங்கள் வாங்கியது கொஞ்சம் பெரியது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், மூன்று கிலோ அழுத்தம் வந்ததும் தானே நிற்கும். மூன்று கிலோ என்றால் முப்பது மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

முதல் நாள் அது தண்ணீரே எடுக்கவில்லை. மோட்டார் ஓடுகிறது, சத்தம் வெறுமையாகக் கேட்கிறது, டேப்பில் புஸ்ஸென்று காற்று. "ஏர் புடிச்சிருச்சுங்க மாமா" என்றார் மைத்துனர். ஹோஸ் முழுக்கத் தடவிப் பார்த்தோம். எங்கேயும் ஈரமில்லை. ஒழுகாத இடத்தில் என்ன கோளாறு இருக்க முடியும்?

இதைப் புரிந்துகொள்ள, பம்பு தண்ணீரை 'இழுக்கிறது' என்ற எண்ணத்தை விட்டாக வேண்டும். தண்ணீரைப் பிடித்து இழுக்க அதில் கைப்பிடி கிடையாது. பம்பு தன் வயிற்றில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் டேங்கின் மேல்மட்டத்தை அமுக்கித் தண்ணீரைப் பம்புக்குள் அனுப்புகிறது. பத்து மீட்டருக்கு மேல் எந்த உறிஞ்சு பம்பும் தண்ணீரை ஏற்றாது என்பது இத்தாலியத் தொழிலாளர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. 1638-இல் வெளிவந்த நூலில் கலிலியோ அதைக் குறித்திருக்கிறார். கொங்கு நாட்டுக் கிணறுகளில் மோட்டாரை மேட்டில் வைக்காமல் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கி வைத்திருப்பார்கள். காரணம் அதே எல்லைதான். ஏன் பத்து மீட்டர்? வளிமண்டலம் நம்மை அமுக்குவதும் ஏறத்தாழ ஒரு கிலோதான். ஒரு கிலோவால் பத்து மீட்டர்த் தண்ணீரைத்தான் தாங்க முடியும்.

காற்றுக்கு எடை உண்டு, நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று 1644-இல் கடிதம் எழுதியவரும் டாரிசெல்லிதான். அவர் தண்ணீருக்குப் பதில் பதின்மூன்றரை மடங்கு கனமான பாதரசத்தைக் கொண்டு நிறுத்தியதால், பத்து மீட்டர்க் கம்பம் 76 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் அதைத் தாங்குவது காற்றின் எடைதான் என்று எப்படி நிரூபிப்பது? பிரான்ஸில் பிளேஸ் பாஸ்கலுக்கு ஒரு வழி தோன்றியது. காற்றுக் கடல் உண்மையானால், மலைமேல் ஏறினால் தலைக்கு மேலே காற்று குறைய வேண்டும், பாதரசமும் இறங்க வேண்டும். பாஸ்கலின் உடல்நிலை மலையேற விடவில்லை. அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். மைத்துனர் கேட்டதற்காக அந்த மாமா 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசமும் கண்ணாடிக் குழாய்களுமாகப் புய் தெ தோம் என்ற மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இன்னொன்று. மலையடிவாரத்து மடத்தில் அதேபோன்ற குழாய் ஒன்றை நிறுத்தி, நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு துறவியை உட்காரவைத்துவிட்டுத்தான் ஏறினார். கீழே அது அசையவே இல்லை. ஆகவே மாறியது அன்றைய வானிலை இல்லை, உயரம்தான் என்பது உறுதியானது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றை மாற்றாமல் வைத்திருப்பது என்ற அறிவியல் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் ஹோஸுக்கு வருவோம். பம்புக்கு முன்னால் உள்ள பகுதியில் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் ஈரமே இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றிப் பார்த்தோம். வடிகட்டிக்குப் பக்கத்தில் துணியைச் சுற்றியதும் மோட்டார் சத்தம் சட்டென்று கனத்து, டேப்பில் தண்ணீர் பாய்ந்தது. கிளிப் கால் திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் வந்ததும் அடுத்த தொல்லை. டேப்பை முழுதாகத் திறந்தால் நன்றாக ஓடும் மோட்டார், கொஞ்சமாகத் திறந்தால் 'டக் டக் டக்' என்று நொடிக்கு நாலைந்து முறை நின்று நின்று ஓடியது. டேப் தண்ணீரும் விக்கியது.

பம்பின் தலையில் ஓர் அழுத்த ஸ்விட்ச் இருக்கிறது. தண்ணீர் ஒரு சிறு ரப்பரைத் தள்ள, அதை ஒரு ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். மூன்று கிலோ வந்ததும் ஸ்பிரிங் தோற்று, மின்சாரம் துண்டிக்கப்படும். இரண்டு கிலோவுக்கு இறங்கினால்தான் மறுபடி ஓடும். நிற்கும் புள்ளிக்கும் ஓடும் புள்ளிக்கும் நடுவில் வேண்டுமென்றே விட்ட இந்த இடைவெளியை இயற்பியலில் 'தயக்கம்' என்பார்கள். காந்தத் தயக்கம் என்று பள்ளியில் படித்த அதே சொல்தான். அந்தத் தயக்கம் இருந்தும் ஏன் இந்தத் துடிப்பு?

தண்ணீர் அமுங்குவதே இல்லை என்பதுதான் காரணம். சரியாகச் சொன்னால், மிகமிகக் கொஞ்சம் அமுங்கும். பதினேழாம் நூற்றாண்டில் ஃப்ளாரன்ஸ் நகர அறிவியல் கழகத்தார் ஒரு வெள்ளி உருண்டையில் தண்ணீரை அடைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். தண்ணீர் அமுங்க மறுத்து, உலோகத்தின் வழியே வியர்வையாகக் கசிந்தது. 1762-இல்தான் ஜான் காண்டன் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர், தண்ணீரும் அமுங்கும் என்று அளந்து காட்டினார். ஒரு கிலோ அழுத்தத்துக்குச் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அவர் கொடுத்த எண் இன்றைய மதிப்புக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை மூன்று கிலோவில் அடைத்தால், அது சுருங்குவது மூன்று சொட்டு அளவுதான். அந்த மூன்று சொட்டு டேப் வழியே வெளியேறிவிட்டால், அவ்வளவு அழுத்தமும் காணாமல் போகும். ஹோஸ் சற்று உப்பி இளகிக் கொடுப்பதால் கொஞ்சம் தாமதம் ஆகிறது. மற்றபடி ஸ்விட்சுக்கு மூச்சு விடவே நேரமில்லை.

அமுங்கிக் கொடுக்கும் ஒன்றை நடுவில் வைத்தால் தீர்ந்தது. அதுதான் காற்று. இதற்கென்றே கிடைக்கும் ஒரு லிட்டர்க் கலனில் நடுவே ரப்பர்த் திரை இருக்கும். ஒரு பக்கம் அடைத்த காற்று, மறுபக்கம் குழாய்த் தண்ணீர். காற்றுமெத்தைக் கலன் என்று அழைக்கலாம். சைக்கிள் பம்பால் அதில் இரண்டு கிலோ காற்றை அடைத்தோம். பம்பு தண்ணீரை மூன்று கிலோவுக்குத் தள்ளும்போது, காற்று சுருங்கி இடம் கொடுக்கிறது. எவ்வளவு இடம்? வளிமண்டலத்தின் ஒரு கிலோவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அழுத்தமானி பூஜ்யம் காட்டும்போதும் அது இருக்கிறது. ஆக மூன்று, நான்காகிறது. காற்று முக்கால் லிட்டராகச் சுருங்கிவிடும். மீதிக் கால் லிட்டர் இடத்தில் தண்ணீர் காத்திருக்கும். ஒருவர் கை கழுவ அது போதும். மோட்டார் விழிக்காமலே காற்று அதைத் தள்ளிக் கொடுத்துவிடும்.

அழுத்தம் கூடும் விகிதத்தில் காற்று சுருங்கும் என்ற இந்தக் கணக்கு, ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டது. கொக்கிபோல் வளைந்த கண்ணாடிக் குழாயில் குட்டைப் பக்கம் காற்றை அடைத்து, நெட்டைப் பக்கம் பாதரசத்தை ஊற்றிக்கொண்டே போனார். குழாய் அறைக்குள் நிற்காத நீளம் என்பதால், மாடிப்படிப் பக்கமாக நிறுத்தி அளக்க வேண்டியிருந்தது. இதே காற்றுமெத்தையை லண்டனில் ரிச்சர்ட் நியூஷம் 1720-களில் தன் தீயணைப்பு வண்டிகளில் பயன்படுத்தினார். ஆட்கள் கைப்பிடியை ஏற்றி இறக்கும்போதும், விட்டு விட்டு வராமல் ஒரே தாரையாகத் தண்ணீர் பாய்ந்தது. சக்கரத்தின் மேல் அழுத்தத் தண்ணீர் என்பது அவ்வளவு பழைய ஆசை.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பம்பு 7 ஆம்பியர் எடுக்கிறது. முழு டேங்கையும் காலிசெய்ய இருபது நிமிடம். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது இருபத்தைந்தில் ஒரு பங்குகூட ஆகாது. கவனம் தேவைப்படுவது ஒயரில். 230 வோல்ட் வீட்டில் ஒயர் ஒரு வோல்ட்டைத் தின்றால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அதே ஒரு வோல்ட், பம்பின் பலத்தில் பெரும் பள்ளம். போய் வர பத்து மீட்டருக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் 1.2 வோல்ட் வழியிலேயே வெப்பமாகிவிடும். நாங்கள் இரண்டரை போட்டோம். ஃபியூஸைப் பம்பின் பக்கத்தில் வைக்காமல் பேட்டரியின் பக்கத்தில் வைத்தோம். நடுவழியில் ஒயர் உரசி வண்டியின் உடம்பில் பட்டால், காப்பாற்றுவது பேட்டரிப் பக்க ஃபியூஸ் மட்டும்தான்.

டேங்க் கேபினை ஒட்டி இருந்தது மைத்துனரின் நல்ல யோசனை. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் 100 கிலோவை வைத்தால் ஏற்றமரம்போல முன்பக்கத்தைத் தூக்கிவிடும். பாதி டேங்க் தண்ணீர்தான் முழு டேங்கைவிடத் தொல்லை. பிரேக் போட்டதும் எல்லாம் சேர்ந்து முன்னால் ஓடி மோதும். பால்காரர்கள் கேனில் ஒரு பிடி வைக்கோலைப் போட்டு வைப்பார்கள், அலை எழும்பாது. தண்ணீர் லாரிகளுக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் இருப்பதும் அதற்காகவே. எங்கள் டேங்க் சிறியது என்பதால், இரண்டு பக்கமும் பட்டையால் இறுக்கியதோடு நிறுத்திக்கொண்டோம்.

இப்போது டேப்பின் வாயில் பூவாளிபோல் தூவும் மூடி மாட்டியிருக்கிறார். அழுத்தம் இருப்பதால்தான் அந்தப் பொடித் துளைகளில் தண்ணீர் நுழைந்து வேகமாக வெளிவருகிறது. முன்பு ஒருவர் கைகழுவச் செம்புக்கு மேல் செலவானது. இப்போது அரைச் செம்பு போதும், எண்ணெய்க் கையும் சுத்தமாகிறது. மூன்று தடவை நிரப்பிய டேங்கை ஒரு தடவையோடு நிறுத்திவிட்டார்.

ஆடியில் ஒருநாள் இரவு அவர் வீட்டில் தங்கியிருந்தேன். வாசலில் வண்டி நிற்கிறது, எல்லாரும் படுத்தாயிற்று. இருட்டில் 'டர்ர்' என்று சில நொடி பம்பு ஓடி நின்றது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும். யாரும் டேப்பைத் திறக்கவில்லை. "பேயா மாமா?" என்று கேட்டாள் மைத்துனரின் மகள். கலனில் கால் லிட்டர் இருக்கிறது, பதினைந்து நிமிடத்தில் அது தீர்கிறது என்றால், எங்கோ நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு மில்லிலிட்டர் போகிறது, முன்னூறு சொட்டுக்கு மேல் என்றேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு மூவரும் போனோம். டேப்புக்குப் பின்னால், டெஃப்லான் டேப் ஒரு சுற்றுக் குறைவாகப் போயிருந்த இணைப்பில், சொட்டு சொட்டாக எண்ண முடியாத வேகத்தில் தண்ணீர் வடிந்து, வண்டித் தளத்தில் இருந்த இட்லித் தட்டை நனைத்துக்கொண்டிருந்தது.